ஈயப் பெயின்ட்டால் நோய்: "பீடிதான் காரணம்" என்று முதலாளி சொன்னால் போதுமா?

கேள்வி: கோவை கணபதி பக்கம் குடியிருக்கிறோம். என் கணவருக்கு வயது 40. பம்புசெட் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் சிறிய பட்டறையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறார். ரிப்பேருக்கு வரும் பழைய பாகங்களில் இருக்கும் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதும் அவர்தான். ஒரு வருடமாக வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், கையில் பலமின்மை. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள், பலன் இல்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். 62 என்று வந்திருக்கிறது. முதலாளி, "பீடி குடிக்கிறான், அதனால் வந்தது" என்கிறார். உடம்பு தேறும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார், சம்பளம் கிடையாது. 30,000 ரூபாய் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார். பட்டறையில் எட்டுப் பேர்தான். ஆர்டர் அதிகமானால் வடமாநிலப் பையன்கள் நான்கு பேர் வருவார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்துக்குச் சட்டம் எதுவும் கிடையாது என்கிறார்களே, உண்மையா? எங்கள் மகள் காதுகுத்துக்கு அவர்தான் பணம் கொடுத்து உதவினார். வழக்கு என்று போனால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. என் தம்பியும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்தான். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாலும் பதற வேண்டாம். வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் உரிய இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 17ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொன்னது (அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்புக்குள் போயிருப்பதைக் கீழே சொல்கிறேன்). சமரசமாகத் தொகை பேசி முடித்தாலும் அந்த உடன்பாட்டை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகக் குறைவு என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பட்டறை மேசையில் வைத்து எழுதிய தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆனாலும் அந்தத் தாள் பின்னால் விசாரணையில் ஒரு தொல்லையாக வந்து நிற்கும். ஆகவே வேண்டாம். முக்கியமாக வெற்றுத் தாளிலும், "சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நிற்கிறேன்" என்று தொடங்கும் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இனி பீடி விஷயம்.

உங்களைப் போல எழுதுகிற எல்லோருமே, "பெயின்ட்டால்தான் வந்தது என்று நாங்கள் எப்படி நிரூபிப்பது?" என்றுதான் பயப்படுகிறார்கள். அந்தப் பாரத்தைச் சட்டம் உங்கள் தலையில் வைக்கவில்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதன் 'அ' பகுதியில், ஈயத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் இடம்பெற்றிருக்கின்றன. எந்தெந்த வேலை என்று அங்கே பெரிய விளக்கம் இல்லை. அந்த ஆபத்துக்கு ஆளாக்கும் எல்லா வேலைகளும் என்றுதான் இருக்கிறது. 'ஆ' பகுதியில் உள்ள நோய்களுக்கு ஆறு மாதத் தொடர் வேலை என்று ஒரு நிபந்தனை உண்டு. 'அ' பகுதிக்கு அதுகூடக் கிடையாது. ஈயத்தோடு புழங்கும் வேலையில் இருப்பவருக்கு ஈய நோய் வந்தால், அது வேலையில் ஏற்பட்ட விபத்து என்றே கொள்ளப்படும். இல்லை என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது பீடிதான் காரணம் என்பதை உங்கள் முதலாளி சாட்சியத்தோடு காட்ட வேண்டும். சும்மா சொன்னால் போதாது.

உண்மையில் அந்த வாதம் அவர் மீதே திரும்பும். ஈயத்தூள் படிந்த விரல்களால் பீடியைப் பிடித்து வாயில் வைத்தால் தூள் உள்ளே போகும் என்பது சரிதான். அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? கை கழுவ சோப்பும் தண்ணீரும் இருந்தனவா? பெயின்ட் அடிக்கும் இடத்தைத் தள்ளிச் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் இடம் இருந்ததா? குறுக்கு விசாரணையில் முதல் மூன்று கேள்விகள் இவைதாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தத்தில் சுற்றும் ஈயம், புதிதாக உள்ளே போகாமல் இருந்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையக்கூடியது. எலும்பில் தங்கியது பல ஆண்டுகள் கிடந்து மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பும் என்பதால் இறக்கம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இருக்காது. இருந்தாலும், உங்கள் கணவர் இப்போது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். பீடியை விடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதப் பரிசோதனையில் 62 என்பது 45, 40 என்று இறங்கினால், பீடி காரணம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எனவே டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பரிசோதித்து, ஒவ்வொரு அறிக்கையின் அசலையும் பத்திரப்படுத்துங்கள். ரத்தம் நரம்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூளே எண்ணை ஏற்றிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். நாட்டு மருந்து, பஸ்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அவற்றில் சிலவற்றில் ஈயம் இருப்பதுண்டு. முன்பு பேட்டரிக் கடையில் வேலை பார்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். விசாரணைக் கூண்டில் முதன்முதலாக வெளியே வரும் உண்மை எப்போதும் பாதகம்தான்.

62 என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 62 மைக்ரோகிராம் என்ற கணக்கு. 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1993இல் வந்த விதி, 50 தொட்டால் அந்த வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும், 40க்குக் கீழே இறங்கும்வரை திருப்பி அனுப்பக் கூடாது, அதுவரை 18 மாதம் வரைக்கும் வருமானத்தில் ஒரு காசு குறையக் கூடாது என்கிறது. வேலையை விட்டு விலக்குவதுதான் முதல் வைத்தியம். சம்பளத்தை நிறுத்தினால் எந்தத் தொழிலாளியும் நோயைச் சொல்ல மாட்டான் என்பது புரிந்து எழுதிய விதி அது. நம் சட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் உங்கள் முதலாளியால் "வீட்டில் இரு" என்ற சரியான காரியத்தைச் சம்பளம் இல்லாமல் என்ற தவறான முறையில் செய்ய முடிகிறது. காற்றில் இருக்கலாம் என்று நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை அனுமதித்த ஈய அளவும் கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம், அமெரிக்க வரம்பைப் போல மூன்று மடங்கு.

நம்மிடம் இருப்பதை வைத்து என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். எட்டுப் பேர் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

தொழிற்சாலைச் சட்டத்துக்கு மின்சக்தியோடு 10 பேர் என்ற வரம்பு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அதை 20 ஆக்கிவிட்டார்கள். கோவையின் பல சிறு பட்டறைகள் இதனால் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்கு வெளியே போய்விட்டன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஈயம் தலையை எண்ணிப் பார்த்து உடம்புக்குள் போவதில்லை. ஆபத்தான வேலை என்று அரசு அறிவிக்கும் இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு பார்க்க வேண்டாம் என்று புதிய தொகுப்பில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு வந்தால்தானே அது வழி!

உங்கள் ஊர்க்காரர்கள் சொன்னது இந்த அளவுக்குச் சரி. இழப்பீட்டுச் சட்டத்துக்கு இது பொருந்தாது. மின்சக்தியைப் பயன்படுத்தி உற்பத்தி வேலை நடக்கும் எந்த இடத்திலும், எந்த வேலையில் இருப்பவரும் அதன் பாதுகாப்புக்குள் வருவார். இரண்டு பேர் இருந்தாலும் போதும். ஸ்ப்ரே அடிக்க கம்ப்ரசர், தேய்க்க கிரைண்டர் என்று எல்லாமே கரன்ட்டில் ஓடும் பட்டறை உங்களுடையது. இந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது பெயர் மாறி, அந்தப் புதிய தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயமாகப் போயிருக்கிறது. நோய்ப் பட்டியலும் மூன்றாம் அட்டவணை என்ற அதே இடத்தில் இருக்கிறது. எந்தப் பிரிவு எந்த எண்ணுக்குப் போனது என்று வக்கீல்களே இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

இழப்பீட்டு மனுவுக்கு முன் ஒரு கணக்கு. ஆர்டர் நேரத்தில் வடமாநிலப் பையன்கள் நான்கு பேர் வருவார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எட்டும் நான்கும் பன்னிரண்டு. கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்திருந்தாலே அந்தப் பட்டறை இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் வந்துவிடும். பின்னால் ஆள் குறைந்தாலும் வெளியே போகாது. கூலிக்கு வந்தவர்கள், மேஸ்திரி அழைத்து வந்தவர்கள், பெயர்ப் பதிவேட்டில் இல்லாதவர்கள் எல்லோரும் எண்ணிக்கையில் சேர்த்தி. 14 ஆண்டு உழைப்புக்குரிய பணிக்கொடைக்கும் 10 பேர் என்பதே வரம்பு.

இஎஸ்ஐ வரம்புக்குள் வந்தால் கிடைக்கும் தொகை எவ்வளவு மாறுகிறது பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நோய் என்று இஎஸ்ஐ பதிவு செய்தால் ஊதியத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள்தான். தொழில்சார் நோய் என்று பதிவானால் 90 சதவீதம். ஏறக்குறைய 16,200 ரூபாய், வேலை செய்ய முடியாத காலம் முழுவதும். நிரந்தரக் குறை தங்கிவிட்டால் வாழ்நாள் மாதத்தொகை தனி. இஎஸ்ஐ இல்லாமல் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் போனால், 2020இல் நிர்ணயித்த ஊதிய உச்ச வரம்பு 15,000 என்பதால் தற்காலிக இயலாமைக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 3,750 ரூபாய்தான், மாதம் 7,500. நிரந்தரக் குறை இருந்தால் கணக்கு வேறு. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண் 40 வயதுக்கு 184.17. 15,000இல் 60 சதவீதமான 9,000ஐ அதால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். முழு இயலாமைக்கு இந்தத் தொகை. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் இதில் 30 சதவீதம், அதாவது 4,97,259. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவும் சேர்த்துக் கேட்கலாம். உரிய தொகையை ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். முதலாளி நீட்டும் 30,000ஐ இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணவருக்கு நிரந்தரக் குறை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேரத்தில் விலகிவிட்டால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அது தெரிவதற்கு முன்பே கணக்கை முடிக்கப் பார்க்கிறார் என்பதுதான் என் ஆட்சேபம்.

இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிற தொழிலாளி, அதே நோய்க்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே முதல் வேலையாக, இஎஸ்ஐ வட்டார அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள்: இந்தப் பட்டறை பதிவு பெற்றதா, என் பெயரில் சந்தா கட்டப்பட்டிருக்கிறதா, ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள். பதிவு செய்யாமல் விட்டிருந்தால் ஆய்வுக்கு வருவார்கள். முதலாளி சந்தா கட்டாதது தொழிலாளியின் குற்றம் ஆகாது. பயனைக் கொடுத்துவிட்டு அதை முதலாளியிடம் வசூலிக்க இஎஸ்ஐ கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இஎஸ்ஐ பொருந்தாது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே இணைத்து, இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனு போடலாம். கோவையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. நோயால் தொடர்ந்து வேலைக்குப் போகாத முதல் நாள்தான் 'விபத்து' நடந்த நாள். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைப் போல பல மடங்கு ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வக்கீல் கட்டணத்துக்கு வழி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமிக்கும். தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

மனு எழுதுவது எளிது. அதற்கு முன் கையில் சேர்க்க வேண்டிய காகிதம்தான் பெரும்பாலான வழக்குகளைத் தூக்கி நிறுத்துகிறது. அல்லது கவிழ்க்கிறது.

மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'வயிற்று வலி, பரிசோதனைக்காக' என்று மட்டும் இருந்தால், அந்த டாக்டரிடமே திரும்பப் போய், நோயாளி 14 ஆண்டுகளாகப் பெயின்ட் தேய்ப்பவர், அடிப்பவர் என்பதையும், ஈய நச்சு என்ற முடிவையும், அது வேலை சார்ந்தது என்ற கருத்தையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். என்ன வேலை என்று கேட்கத் தோன்றிய டாக்டர் நிச்சயம் எழுதுவார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் வருடக்கணக்கில் அல்சர் மாத்திரை எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஈய நச்சு அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அது வந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகச் சட்டம். எத்தனை மருத்துவர்களுக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள். பட்டறையின் ஆள் கணக்கு என்னவாக இருந்தாலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கோவை அலுவலகத்துக்கு நீங்களே ஒரு மனுவோடு பரிசோதனை நகலை அனுப்பி வையுங்கள்.

வேலைக்கான அத்தாட்சி? நியமனக் கடிதம் இருக்காது என்று தெரியும். சனிக்கிழமைக் கூலியை முதலாளி ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பட்டியலை வங்கியில் வாங்குங்கள். "நாளைக்குச் சீக்கிரம் வா, லோடு இருக்கிறது" என்ற வாட்ஸ்அப் செய்திகூட உதவும். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எடுத்த போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். எல்லா ஊழியர்களும் வரிசையாக நின்று எடுத்ததாக இருக்கும், தேதியோடு. ஆள் எண்ணிக்கைக்கும் அதுவே சாட்சி.

அடுத்தது பெயின்ட். இங்கே பலரும் தவறான சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது, ஆகவே தடை செய்யப்பட்ட பெயின்ட்டை வாங்கினார் என்று முதலாளி மீது புகார் கொடுக்கலாம் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். அந்த விதி வீட்டு உபயோகப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும் மட்டும்தான். இயந்திரங்களுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயின்ட்டை அது தொடவில்லை. குழந்தை தொடும் ஜன்னலுக்கு ஒரு சட்டம், அந்தக் குழந்தையின் தகப்பன் தினமும் மூச்சில் இழுக்கும் பெயின்ட்டுக்குச் சட்டம் இல்லை. எனவே 'தடை' என்று பேசாமல் 'ஈயம் இருந்தது' என்பதை மட்டும் காட்டுங்கள். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் சொல்லி, டப்பாக்களின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனியின் பாதுகாப்புத் தரவுத் தாளில் 'பிக்மென்ட் எல்லோ 34', 'பிக்மென்ட் ரெட் 104' என்று இருந்தால் அது ஈயம்தான். இரும்புக்கு முதல் கோட்டாக அடிக்கும் 'ரெட் ஆக்சைடு' பெரும்பாலும் இரும்புத் துருவின் நிறம். 'ரெட் லெட்' என்பது வேறு, அது ஈயமே. இரண்டையும் குழப்பி மனுவில் எழுதிவிடாதீர்கள். பழைய பாகங்களிலிருந்து தேய்த்தெடுத்த தூளையும் சில்லுகளையும் ஒரு சிறு பையில் எடுத்து வைத்தால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கலாம்.

என் கணிப்பில் உங்கள் கணவரைக் கெடுத்தது அடித்த பெயின்ட்டைவிடத் தேய்த்த பெயின்ட்தான். வறண்ட நிலையில் கிரைண்டரும் கம்பி பிரஷும் ஓடும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குள் நேராகப் போகிறது. முகத்தில் கட்டும் துண்டும் சாதாரணத் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றுக் குழாயால் சட்டையில் இருக்கும் தூசியை ஊதிவிடும் பழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. அதைவிட மோசமான காரியம் இல்லை. 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த வெள்ளை ஈய உடன்படிக்கையிலேயே, வறட்டுத் தேய்ப்பாலும் சுரண்டலாலும் எழும் தூசியைத் தடுக்க வேண்டும், கை கழுவ வசதி வேண்டும், வேலைக்குத் தனி உடை வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. நூறு ஆண்டு கழித்தும் நம் பட்டறைகளில் கேட்க வேண்டிய பட்டியல் அதேதான்: தண்ணீர் எமரி கொண்டு நனைத்துத் தேய்ப்பது, நுண்தூளை வடிகட்டும் சரியான முகக்கவசம், சோப்பு, மாற்று உடை, சாப்பிடத் தனி இடம். ஈயம் இல்லாத துத்தநாக பாஸ்பேட் பிரைமர் சந்தையில் கிடைக்கிறது.

நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். காதுகுத்துக்குக் கொடுத்தது அவருடைய நல்ல மனது. அதற்கு நீங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள், சரி. நோய்க்குரிய தொகை அவருடைய மனதைப் பொறுத்த விஷயம் அல்ல. அதை அவர் ஏற்றுக்கொண்டாலும் மறுத்தாலும் கடன்தான். முதலில் வழக்கு வேண்டாம், மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். "அண்ணா, டாக்டர் ஈய நச்சு என்று எழுதியிருக்கிறார், நகல் இணைத்திருக்கிறேன். எனக்கு இன்ன தேதியிலிருந்து வேலை இல்லை, சம்பளம் இல்லை. தேறும்வரை தூசி இல்லாத வேலையோ, இழப்பீடோ தரும்படி கேட்கிறேன். மற்ற ஏழு பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்" என்ற அளவில் போதும். ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்பதற்கு முன் முதலாளிக்கு அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும் என்ற சட்டத் தேவையையும் இந்தக் கடிதமே நிறைவேற்றிவிடும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உடன் வேலை செய்கிறவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு எண் ஏறியிருந்தால், பீடிக் கதை அன்றோடு முடிந்தது.

உங்கள் தம்பியின் நிலை வேறு. வீட்டுப் பெயின்ட்டர் கட்டுமானத் தொழிலாளர் கணக்கில் வருவார். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் உடனே செய்யச் சொல்லுங்கள். புதிய வீட்டுப் பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் வரம்பு உண்டு என்றாலும், இருபது முப்பது ஆண்டுப் பழைய கேட், கிரில், மரக்கதவு எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பழைய ஈயம் வெளியே வரும். நனைத்துத் தேய்க்கட்டும். பழைய பெயின்ட்டைத் தீயால் சுட்டு எடுக்கும் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகள் இருவருக்கும் இந்த வாரமே ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அவசரம் அதிகம். அந்த வயதில் வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட உடம்பு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும், பாதிப்பு மூளை வளர்ச்சியில் தெரியும். 5ஐத் தொட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டறைச் சட்டைகள் வீட்டில் இருந்தால் உதறாமல் நனைத்து, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். அவர் வேலைக்குக் கொண்டுபோன பையும் செருப்பும் படுக்கும் அறைக்குள் வர வேண்டாம். வீட்டைப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளின் அறிக்கையில் எண் ஏறியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது இழப்பீட்டு ஆணையர் முன் போகாது. தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.